ஒட்டுசுட்டானில் இருந்து ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறேன், போக முன் என்னென்ன ஒழுங்குபடுத்த வேண்டும்?

குளக்கட்டுப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படித்து முடித்தேன். இப்போது ஜேர்மனியில் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்து, போன கிழமைதான் விசாவும் கைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பிளேனில் ஏறப்போகிற முதல் ஆள் நான்தான். கொழும்புக்கே தூதரக அலுவலாக நாலு தடவை போய் வந்ததுதான், அதுவும் இரவு பஸ்ஸில் போய் அடுத்த இரவே திரும்பியது.

செப்டெம்பர் 26 சனிக்கிழமை இரவு பிராங்பேர்ட்டில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுத்திருக்கிறேன், அதுதான் மலிவாக இருந்தது. மாணவர் விடுதியில் அறை கிடைத்துவிட்டது, ஒப்பந்தம் ஒக்டோபர் 1இல் இருந்து. விசாவுக்குக் காட்ட வேண்டிய புளொக் எக்கவுண்டில், அதாவது ஒரு வருடச் செலவுக் காசை முடக்கி வைத்து மாதா மாதம் எடுக்கிற கணக்கில், 11,904 யூரோ போட்டாயிற்று. பாதிக் காசு சுவிஸில் இருக்கும் பெரியப்பா தந்தது, மீதி நகை அடகும் அம்மா கட்டிவந்த சீட்டும். அந்தக் காசை நினைத்தால் இரவில் நித்திரை வராது.

கேட்க வந்தது இதுதான். பெட்டிக்குள் என்ன வைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் கம்பளி உடுப்பு எல்லாம் கொழும்பில் வாங்கு என்கிறார், இன்னொருவர் ஒரு வருடத்துக்கு அரிசி மா கொண்டு போ என்கிறார். பத்திரங்கள் எது எது வேண்டும் என்றும் சரியாகத் தெரியவில்லை. பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை, கையில் தற்காலிகச் சான்றிதழும் பெறுபேற்றுத் தாளும்தான். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் பல்கலைக்கழகச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறியும் இருக்கிறது, இது பிரச்சினையா?

இன்னொன்று, இதுதான் மனதை அரிக்கிறது. அப்பா 2009இல் இல்லாமல் போய்விட்டார். அம்மாவும் தம்பியும் மட்டும்தான் வீட்டில். அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும், மாதம் ஒருமுறை கிளினிக். இவ்வளவு நாளும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி உயர்தரம் எழுதப்போகிறான். நான் போன கையோடு காலபோக விதைப்பும் தொடங்கிவிடும். போய் வந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பினவர்கள், நீங்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

நெடுங்கேணி அக்கா

தங்கச்சி, முதலில் மனமார்ந்த வாழ்த்து. நான் நெடுங்கேணி, இப்போது கொட்டிங்கனுக்குப் பக்கத்தில் கசல் நகரில் நாலாவது வருடம்.

மற்றதெல்லாம் பிறகு, அந்த டிக்கெட்டை முதலில் பாருங்கள். 26 சனி இரவு இறங்குகிறீர்கள், அறை 1ஆம் திகதிதான் உங்களுடையது. நடுவில் ஐந்து இரவு எங்கே தங்குவீர்கள்? இறங்கின அடுத்த நாள் ஞாயிறு. ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையங்களிலும் பெற்றோல் நிலையங்களிலும் மட்டும் ஏதாவது வாங்கலாம். விடுதித் திறப்பை ஹவுஸ்மைஸ்டர் என்கிற பொறுப்பாளர்தான் தருவார், அவர் கிழமை நாட்களில் அலுவலக நேரத்தில் மட்டும்தான் இருப்பார். இரவு பத்து மணிக்கு இரண்டு பெட்டியோடு பூட்டின கதவுக்கு முன் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். திகதி மாற்றக் காசு கேட்பார்கள், கேட்டாலும் மாற்றுங்கள், ஐந்து நாள் ஹோட்டல் காசை விட அது குறைவாகத்தான் வரும். 1ஆம் திகதி வியாழக்கிழமை காலை இறங்குகிற மாதிரி எடுத்தால் பின்னேரத்துக்குள் திறப்பு கையில். அதற்கு முன் ஹவுஸ்மைஸ்டருக்கு மின்னஞ்சல் போட்டு இத்தனை மணிக்கு வருவேன் என்று நேரம் கேட்டு வையுங்கள்.

புளொக் எக்கவுண்ட் காசைப் பற்றி எல்லாரும் பிழையாக நினைக்கிற ஒரு விடயம். போய் இறங்கின அன்றே அது கைக்கு வராது. அங்கே ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, விபரம் அனுப்பி, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் மாதம் 992 யூரோ வரத் தொடங்கும். எனக்கு ஐந்து கிழமை ஆனது. ஏன் ஐந்து கிழமை என்றால், வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும் தபாலில்தான் வரும், என் தபால்பெட்டியில் என் பெயர் ஒட்டப்படவில்லை, தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அங்கே வீட்டு இலக்கம் போதாது, பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம் வரும். அதனால் அறைக்குள் பெட்டியை வைத்த கையோடு ஒரு துண்டுக் கடதாசியில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுதித் தபால்பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே உங்களைக் கூப்பிடுவதும் அப்பாவின் பெயரால்தான், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அதுதானே இருக்கிறது. முதல் முறை வகுப்பில் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உங்களுக்கும் அப்படி இருக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஆகவே முதல் மாதத்துச் செலவுக்குக் கையில் யூரோ வேண்டும். அறைக்கு முற்பணம், முதல் மாத வாடகை, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 1,200இல் இருந்து 1,500 வரை. முற்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்க முடியாது, பொதுவாக வாடகை வீட்டில் அதை மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு. யூரோவை வங்கியிலேயே வாங்குங்கள், கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் காட்டினால் தருவார்கள். தெருவில் மாற்ற வேண்டாம்.

அறைக்குப் போய் இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு அறை தந்தவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும், திறப்பு வாங்கும்போதே கேளுங்கள். அது இல்லாமல் அடுத்த அலுவல்கள் இழுபடும். பிறகு வெளிநாட்டவர் அலுவலகம். உங்கள் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கிற விசா சில மாதங்களுக்குத்தான், முடிகிற திகதியைப் பாருங்கள், அதற்கு முன் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், முகவரி பதிந்த அன்றே அந்த விண்ணப்பத்தையும் தொடங்குங்கள்.

உடுப்பு பற்றி: கொழும்பில் குளிர் உடுப்பு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அங்கே ஒக்டோபரில் மழையும் காற்றும்தான், ஒரு நல்ல மழைக்கோட்டும் இரண்டு சுவெட்டரும் மூடின சப்பாத்தும் போதும். பாரமான ஜக்கெட்டை அங்கே பழைய உடுப்புக் கடையில் வாங்கலாம், நான் இன்னும் போடுவது அப்படி வாங்கினதுதான். ஆனால் மூக்குக்கண்ணாடி போடுகிற ஆள் என்றால் இங்கேயே இரண்டு செய்து கொண்டு வாருங்கள். பல்லில் ஏதாவது இருந்தால் அதையும் இங்கேயே பார்த்து முடியுங்கள்.

சாப்பாட்டுச் சாமானில் இறைச்சி, பால் சேர்ந்த எதுவும் கொண்டு போகக்கூடாது, நெய்யும் அதற்குள் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், முருங்கைக்காய் எதுவும் வேண்டாம், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், நீங்கள் விவசாயம் படித்த பிள்ளை, காரணம் உங்களுக்கே விளங்கும். அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மட்டும் கொண்டு வாருங்கள், அந்த வாசம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அரிசி எல்லாம் அங்கேயே வாங்கலாம்.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர்

பிள்ளை, நான் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதின பிள்ளை அங்கத்தைய விடயத்தை விரிவாக எழுதிவிட்டா, நான் இங்கே முடிக்க வேண்டிய பத்திர அலுவலை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சனத்துக்குப் பத்திரம் என்பது மற்ற இடத்துச் சனத்துக்கு உள்ளதுபோல இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறி மெனிக்பாம் அகதி முகாமுக்குப் போன நேரம் ஒரு பொலித்தீன் பையில் கட்டிவைத்த பிறப்புச் சான்றிதழைக்கூட விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனை. பிறகு பிரதிகள் எடுத்தோம், புதிதாக எழுதினோம், அந்த அவசரத்தில் ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஆங்கிலத்தில் பெயரைத் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். அதனால்தான் உமக்கு அப்பாவின் பெயரில் எழுத்து மாறியிருக்கிறது. இது உம்முடைய பிழை இல்லை, ஆனால் நீர்தான் சரிசெய்ய வேண்டும்.

கடவுச்சீட்டும் விசாவும் ஒரே எழுத்தில் இருந்தால் பிரயாணத்துக்குத் தடை இல்லை. அங்கே பல்கலைக்கழகத்தில் பதிகிறபோது சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அப்போதுதான் கேள்வி வரும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் எழுதி, சமாதான நீதவான் அல்லது நொத்தாரிசு முன் கையெழுத்திட்டு எடும். பட்டமளிப்புக்கு முன்னமே பல்கலைக்கழகப் பதிவாளர் கிளைக்கு எழுதி, இறுதிச் சான்றிதழில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை அச்சிடக் கேளும். அச்சிட்ட பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தும். அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம், யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளை பரீட்சைத் திணைக்களத்தில் இருந்து ஆங்கிலத்தில் எடுக்கலாம். இப்போது தேவையில்லை என்று விட்டுவிடாதேயும், அங்கே இருந்துகொண்டு ஒரு பத்திரம் எடுப்பதென்றால் இங்கே ஒருவர் உமக்காக அலைய வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதையும் இப்போதே தீர்மானியும். பட்டச் சான்றிதழை உமக்குப் பதிலாக எடுக்க, வங்கியில் கையெழுத்திட, காணி அலுவல் பார்க்க, அம்மா பெயரிலோ நம்பிக்கையான மாமா பெயரிலோ நொத்தாரிசு மூலம் அற்றோணித் தத்துவம், அதாவது உமக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதும். எது எதற்கு என்று குறிப்பாக எழுதும், எல்லா அதிகாரமும் என்று திறந்து விடாதேயும். உங்களுடையது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி என்றால் பின்னுரித்து, அதாவது அடுத்த உரிமை, யார் பெயரில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் ஒருக்கால் பார்த்துக்கொள்ளும், அப்பா பெயரிலேயே இன்னும் இருக்கிற காணிகள் வன்னியில் நிறைய.

எல்லாப் பத்திரத்தையும் வர்ணத்தில் ஸ்கேன் எடுத்து, ஒன்று உம்முடைய மின்னஞ்சலில், ஒன்று தம்பியின் போனில். மூலப் பிரதிகள் கைப்பையில். பெட்டிக்குள் போடவே கூடாது. ஒருமுறை தொலைத்த சனம் நாங்கள்.

குளக்கட்டுப் பிள்ளை

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வாசித்த உடனே டிக்கெட் எடுத்த இடத்துக்குப் போன் எடுத்தேன். ஒக்டோபர் 1 காலை ஆறரைக்கு இறங்குகிற மாதிரி மாற்றலாம் என்றார்கள், காசு கட்டி மாற்றிவிட்டேன். ஹவுஸ்மைஸ்டருக்கும் எழுதினேன், பின்னேரம் இரண்டு மணிக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது.

காணி அப்பா பெயரில்தான் இருக்கிறது ஐயா. அம்மா சொல்கிறா, அப்பா பெயரை மாற்ற இதுவரை அவவுக்கு மனம் வரவில்லையாம். நான் வற்புறுத்தவில்லை, ஆனால் நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன், திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போவோம் என்று அவவே சொன்னா.

அம்மாவின் கிளினிக் விடயம்தான் இன்னும் யோசனையாக இருக்கிறது. தம்பி வகுப்பை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் இரண்டு பேர் ஆளுக்கொரு பார்சல் கட்டித் தந்திருக்கிறார்கள், அங்கே இருக்கிற தங்கள் பிள்ளைகளிடம் கொடுக்கட்டாம். ஒன்று தைத்து மூடியிருக்கிறது. எப்படி மறுப்பது?

வவுனியா அம்மா

பிள்ளை, நான் வவுனியா, என் மகன் போய் மூன்று வருடம். உன் கேள்வியில் நீ கடைசியாக எழுதினதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

ஒரு தாயாகச் சொல்கிறேன், அம்மாவின் அலுவலை அம்மாவிடமே பழக்கு. நீ போக முன் இருக்கிற இரண்டு கிளினிக்குக்கும் அவவை முன்னால் விட்டு நீ பின்னால் போ. துண்டு எடுப்பது, கொப்பியைக் கொடுப்பது, குளிசை வாங்குகிற இடம் எல்லாம் அவவே செய்யட்டும். காலையில் எடுக்கிற குளிசைக்கு ஒரு டப்பா, இரவுக்கு வேறு நிறத்தில் ஒரு டப்பா. கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வை, அடுத்த திகதியை உன் போனிலும் போட்டு வை, முதல் நாள் இரவு நீ ஞாபகப்படுத்தலாம். அயலில் ஒரு ஓட்டோக்காரத் தம்பி இருப்பார்தானே, மாதம் ஒரு நாள் கூட்டிப்போய்க் கூட்டிவர இவ்வளவு என்று இப்போதே பேசி வை. சொந்தத்தை நம்பி இருப்பதை விட இது நல்லது, சொந்தத்துக்கு அன்றைக்கு வேறு வேலை வந்துவிடும்.

வாட்ஸப்பில் வீடியோ எடுக்கப் பழக்கு. நீ எடுக்க அவ தூக்குவது வேறு, அவவே எடுப்பது வேறு. நீ வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவவை அடுக்களையில் இருந்து உனக்கு எடுக்கச் சொல், பத்துத்தரம் எடுத்தால் கை பழகிவிடும். மகன் போன புதிதில் எனக்கு எடுக்கத் தெரியாது, அவன் எடுக்கும்வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், அந்தப் பாடு உன் அம்மாவுக்கு வேண்டாம்.

நேரத்தையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடு. இப்போது எங்களுக்கும் அங்கேயும் மூன்றரை மணித்தியால வித்தியாசம், ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நாலரை ஆகிவிடும். எங்களுக்கு இரவு ஏழு மணி என்றால் உனக்கு முதலில் மூன்றரை, பிறகு இரண்டரை, வகுப்பில் இருப்பாய். ஒரு நாளைக்குப் பேச முடியாமல் போனால் ஒரு சொல்லாவது எழுதிப் போடு, சாப்பிட்டேன் என்று. அது போதும் எங்களுக்கு.

போகிற நாளைப் பற்றியும் ஒன்று. வான் பிடித்து இருபது பேர் கட்டுநாயக்கா வர வேண்டாம். அம்மாவும் தம்பியும் மாமாவும் போதும். முதல் நாளே கொழும்புக்குப் போய் ஆறுதலாகத் தங்கிப் போங்கள், முல்லைத்தீவில் இருந்து இரவு முழுக்க ஓடி அப்படியே பிளேன் ஏறினால் உடம்பு தாங்காது.

புதுக்குடியிருப்புத் தம்பி

அக்கா, நான் இரண்டு வருடம் அங்கே படித்து முடித்துப் போன மாசிதான் ஊருக்குத் திரும்பினேன். பார்சல் கேள்விக்கு என் பதில் ஒரே பதில்: தைத்து மூடினதை வாங்கவே வேண்டாம், யார் தந்தாலும். விமான நிலையத்தில் இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உள்ளே ஒரு போத்தல் கஷாயமோ பெயர் எழுதாத குளிசையோ இருந்தாலே மணித்தியாலக் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள், அடுத்த பிளேனும் போய்விடும். மாமாவைச் சொல்லச் சொல்லுங்கள், கிலோ கூடிவிட்டது என்று. கோபித்தால் கோபிக்கட்டும். திறந்து காட்டி, என்ன என்று பார்த்து, நீங்களே அடுக்கினால் மட்டும் கொண்டு போங்கள்.

உங்களுடைய சொந்தக் குளிசை ஏதாவது இருந்தால் வைத்தியரின் ஆங்கிலத் துண்டோடு, கடைப் பெட்டியோடு கொண்டு போங்கள். பவர் பாங்க் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். கைப்பையில் திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், அம்மா தருகிற எண்ணெய்ப் போத்தல் பெட்டிக்குள் போகட்டும். அங்கே மின்சாரம் எங்களைப் போல 230 வோல்ட்தான், சோறு வைக்கிற குக்கர் வேலை செய்யும், பிளக் மட்டும் வேறு.

யாரும் சொல்லாத ஒன்று, உங்கள் இலங்கை சிம். அதை எறிந்துவிட வேண்டாம். இங்கத்தைய வங்கி அனுப்புகிற இரகசிய இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். போக முன் ரோமிங் திறந்து, மாதா மாதம் தம்பியை ரீலோட் போடச் சொல்லுங்கள். என்னுடைய நம்பர் மூன்று மாதத்தில் செத்துப்போய், ஊரில் இருந்த என் சொந்தக் காசை எடுக்க முடியாமல் அலைந்தேன்.

காசை நினைத்து நித்திரை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, எங்களுடைய கடன் காசு. போன உடனே வேலை எடுத்துக் கடனைக் கட்டிவிடலாம் என்று இங்கே பலர் சொல்வார்கள், கொழும்பில் ஒரு முகவர் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் காசு வாங்கினார். 2024 மார்ச்சில் இருந்து அங்கே மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவ உதவியாளராகச் செய்கிற வேலை அந்தக் கணக்கில் வராது, அதனால் பேராசிரியர்களுக்கு எழுதிக் கேளுங்கள். விவசாய பீடத்தில் வயல் பரிசோதனை, ஆய்வுகூட வேலை எல்லாம் இருக்கும், வயலில் நின்று பழகின ஆள் நீங்கள், அதை எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் முதல் அரையாண்டில் படிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முதல் மாதமே இரவு வேலைக்குப் போய் இரண்டு பாடம் தவறினேன், படிப்பு அரை வருடம் நீண்டது, அந்த அரை வருடச் செலவு நான் உழைத்ததை விடக் கூட. பெரியப்பாவிடம் இப்போதே கதைத்து, படித்து முடித்த பிறகுதான் திருப்பித் தருவேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அது ஒன்றே நித்திரையைத் தரும்.

மருத்துவக் காப்புறுதி 30 வயதுக்குக் கீழே மாணவர் கட்டணத்தில் கிடைக்கும், பல்கலைக்கழகத்தில் பதிய அது கட்டாயம். பதியும் வரைக்கும் பயணக் காப்புறுதி இருக்கட்டும். அவசரம் என்றால் 112. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரவில் காய்ச்சல் என்றால் 116117 என்ற நம்பர். இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

மார்கழியில் பின்னேரம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய பாரம். காரணம் இல்லாமல் அழுகை வரும், படுத்தே இருக்கத் தோன்றும். அது உங்கள் பலவீனம் இல்லை, வெளிச்சம் இல்லாததன் வேலை. மத்தியானம் வெளிச்சம் இருக்கிற நேரம் கட்டாயம் அரை மணித்தியாலம் நடவுங்கள், தனியாக அறைக்குள் கிடக்க வேண்டாம். ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் நடந்த பெரிய கோயில், கோபுரத்தோடு. எங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிற காலத்தை ஒட்டித்தான் அங்கேயும் திருவிழா, ஆயிரக்கணக்கில் எங்கள் சனம் வரும். முதல் வருடம் நான் அங்கே நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் அப்படியே நின்றேன்.

குளக்கட்டுப் பிள்ளை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தைத்த பார்சலை மாமா திருப்பிக் கொடுத்துவிட்டார். சத்தியக் கடதாசி எழுதியாயிற்று, பதிவாளர் கிளைக்கும் கடிதம் போனது. பெரியப்பாவிடம் நேற்றுக் கதைத்தேன், அவர் இரண்டு வருடம் காசுக் கதையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நேற்று அம்மா தானே துண்டெடுத்துக் கிளினிக் பார்த்துவிட்டு வந்தா, நான் வெளியே வாங்கில் இருந்தேன். வந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது.

அக்கா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. விமான நிலையத்தில் இருந்து கொட்டிங்கனுக்கு ரயில் எடுப்பது எப்படி?

நெடுங்கேணி அக்கா

தங்கச்சி, பிராங்பேர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையம் இருக்கிறது, தூர ரயிலுக்கு ஒன்று, கிட்ட ஓடுகிறதுக்கு ஒன்று. பலகையைப் பார்த்து உங்கள் டிக்கெட்டில் இருக்கிற நிலையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் பிராங்பேர்ட் மத்திய நிலையத்தில் ஒரு முறை மாற வேண்டி வரும், அங்கிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொட்டிங்கன். பெட்டி எடுத்து வெளியே வர நேரம் பிடிக்கும், அதனால் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் என்று மலிவாக விற்பதை எடுத்தால் பிளேன் பிந்தினால் அந்தக் காசு போய்விடும்.

1ஆம் திகதி வியாழன். 3ஆம் திகதி சனிக்கிழமை அங்கே நாட்டு விடுமுறை, அடுத்தது ஞாயிறு, இரண்டு நாளும் கடை பூட்டு. வெள்ளிக்கிழமையே அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் வாங்கி வைக்க வேண்டும்.

எத்தனை மணி ரயில் என்று எழுதுங்கள். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன், கொட்டிங்கன் நிலையத்தில் நிற்பேன், திறப்பு எடுத்துக் கடைக்கும் போய் வருவோம். மிளகாய்த்தூளில் எனக்கும் ஒரு கால் கிலோ, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.